ஏரிக்கு மூன்று பூட்டு

தங்கவயலிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்தவன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் ஒரு சிரிப்பு வரும். அதன் பின்னால் ஒரு கேள்வி வரும்: "இன்னா சார், தங்கம் எடுக்கற ஊர்ல இருந்துகினு, தங்கம் வாங்க அங்க போனீங்களா?" ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு கட்டு கீரைகூட வாங்க முடிந்ததில்லை.

நான் தங்கம் வாங்கப் போகவில்லை. இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்த வேலைக்குப் போனேன். போன இடத்தில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு கடலைக் காப்பாற்றுவது. தண்ணீரில் குதிக்கும் வேலை அல்ல. ஒரே கடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சில நாடுகள், அதில் எண்ணெய் கொட்டினால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதென்று உடன்பாடு செய்திருந்தன. உடன்பாட்டுக்கு ஓர் அலுவலகம். அலுவலகத்தில் நாற்காலி வரிசை, தேநீர், கூட்டக் குறிப்பு, பிரதிகள் அனுப்புவது ஆகியவற்றைக் கவனிக்க ஓர் ஆள். அந்த ஆள் நான்.

அந்தக் கடலைச் சுற்றிலும் நிலம். ஒரு மூலையில் மட்டும் குறுகலான ஒரு வாய். உள்ளே விழுந்தது எளிதில் வெளியே போகாது. ஒரு கரையில் ஊற்றினால் காற்று திரும்பும்போது மறுகரையில் போய் ஒட்டும். கடலுக்கு இக்கரையில் ஒரு பெயர், அக்கரையில் வேறு பெயர். எந்தப் பெயரை எழுதினாலும் யாராவது ஒருவர் கோப்பை மூடிவிட்டு எழுந்துவிடுவார். ஆகவே எங்கள் காகிதங்களில் எல்லாம் 'மேற்படி கடற்பரப்பு' என்றுதான் இருக்கும். அங்கே இருந்த காலமெல்லாம் நான் பெயரில்லாத ஒரு கடலுக்குத்தான் ஊழியம் செய்தேன்.

கூட்டத்துக்கு வருபவர்களில் சிலருடைய நாடுகள் சற்று முன்புவரை ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தவை. அவர்களுக்கு நடுவே யாரை உட்காரவைப்பது என்பதற்கே தனியாக ஒரு நடைமுறை உண்டு. இருந்தும் ஒரு விதியை மட்டும் யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. எண்ணெயை முதலில் பார்ப்பவர் தன்னால் ஆனதை உடனே செய்யவேண்டும். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். அது யாருடைய எண்ணெய் என்ற வழக்கைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். எல்லாருக்கும் கடற்கரை இருந்தது. எல்லாருடைய கரையிலும் குடிதண்ணீர் எடுக்கும் குழாய் இருந்தது. அன்பினால் அல்ல, குழாயினால் வந்த ஒற்றுமை. நான் பார்த்த ஒற்றுமைகளில் அதுதான் உறுதியானது.

ஒப்பந்தம் முடிந்து, தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பினேன். தொழிற்சாலைக் காலனியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருந்தது. நடைமுறை தெரிந்தவன் ஓய்வாக இருக்கிறான் என்று தெரிந்தால் விடுவார்களா? செயலாளர் ஆனேன். தெருவிளக்கு, சாக்கடை, பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் என்று பொழுது போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மீன்காரம்மா வந்தார். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வருகிறவர். கணவர் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்தவர். கல்தூசு நுரையீரலில் இறங்கி, வேலையை விட்டு, வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கொடுத்தனுப்பிய பணத்தைக் கொண்டு அந்த அம்மாள் காலனிக்குக் கீழே இருக்கும் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். ஏரி கிராமப் பஞ்சாயத்துக்குச் சொந்தம். வாரத்தில் இரண்டு நாள் கூடையோடு எங்கள் வாசலுக்கு வருவார். அன்று கூடை இல்லாமல் வந்தார்.

"சார், நீங்க கடல காப்பாத்துன ஆளாமே. எங்க ஏரிய கொஞ்சம் காப்பாத்தக் கூடாதா?"

என் மனைவி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். "அவரு பேப்பர்ல காப்பாத்துனாரும்மா. அத்தினி வருஷத்துல தண்ணில காலு நனைக்கல."

"பேப்பர்லயே காப்பாத்தட்டும்மா. காலு நனைக்கறதுக்கு நாங்க கீறோம் இல்ல?"

விஷயம் இதுதான். ஏரிக்கு மேலே சுரங்கத்தின் சயனைட் மேடு இருக்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். பல தலைமுறையாகக் கொட்டி மலையாகிவிட்டது. வெயில் காலத்தில் மாவு மாதிரிக் காய்ந்து கிடக்கும். கோடையின் முதல் பெருமழை அதைக் கரைத்து, நீர்மோர் மாதிரி வெள்ளையாக வரத்துக் கால்வாயில் இறக்கும். கால்வாய் எங்கள் காலனிச் சாக்கடையையும் வழியில் சேர்த்துக்கொண்டு ஏரிக்குள் போகும். கோடையில் ஏரியில் தண்ணீர் குறைவு. மீனெல்லாம் நெருக்கமாகக் கிடக்கும் சமயம். முந்தைய கோடையில் ஒரே மழையில் கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மீன்காரம்மா அவற்றில் ஒன்றைக்கூட விற்கவில்லை, குழிவெட்டிப் புதைத்தார்.

"இந்த வாட்டியும் செத்துப்போச்சின்னா குத்தகைய வுட்டுட்டு போவச் சொல்லுவாங்க சார். பங்காருபேட்டை காண்ட்ராக்டர் ஒருத்தரு காத்துகினு கீறாரு. அப்புறம் எங்க வூட்ல சோறு எங்கேர்ந்து வரும்னு நீங்கதான் சொல்லணும்."

நான் போய் இடத்தைப் பார்த்தேன். கால்வாய் ஏரிக்குள் நுழைவதற்கு முன் ஒரு பழைய ஷட்டர் இருந்தது: இரும்புப் பலகை, மேலே சுற்றும் சக்கரம். பலகையை இறக்கினால் தண்ணீர் பக்கத்திலிருக்கும் கைவிட்ட கல்குழிக்குத் திரும்பும். முதல் வெள்ளை நீர் குழியில் விழட்டும். தெளிந்த நீர் வந்ததும் பலகையைத் தூக்கிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியும் யோசனை. ஆனால் மேடு சுரங்கத்துடையது, சாக்கடை எங்களுடையது, கால்வாயில் பாதி நகரசபையுடையது, ஏரி பஞ்சாயத்துடையது. ஷட்டர் யாருடையது என்று நான் விசாரித்த ஒவ்வோர் அலுவலகத்திலும் அடுத்த அலுவலகத்தின் முகவரியைத் தெளிவாகச் சொன்னார்கள். கோலாரில் மாவட்ட அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, "அங்கே ஷட்டர் இருக்கிறதா?" என்று என்னையே கேட்டார்.

ஆகவே கூட்டம் போட்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

பஞ்சாயத்து அலுவலகத்தில் கூடினோம். சுரங்கத்தின் சார்பில் எஸ்டேட் ஃபோர்மேன் வந்தார். முப்பது வருஷம் நிலத்துக்கு அடியில் ஃபிட்டராக இருந்து, கடைசியில் மேலே வந்து கட்டடம், குழாய், வேலி இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பஞ்சாயத்துத் தலைவர் ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவர். வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், எங்களோடு இரண்டும் கலந்த தமிழ். காலனிக்கு நான். நகரசபைக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தோம். நாற்காலி தவறாமல் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தது. மீன்காரம்மா கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் சார், நின்னாத்தான் எனக்குக் காது கேக்கும்" என்றார்.

முதல் தகராறு நான் எதிர்பார்த்ததே. ஏரிக்குக் கிராமத்தில் அம்மன் பெயர். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் தாது அரைக்கும் மில்லின் பெயர். தலைவர் ஒரு பெயரைச் சொன்னார், ஃபோர்மேன் இன்னொன்றைச் சொன்னார், இருவரும் முறைத்துக்கொண்டார்கள். நான் 'மேற்படி நீர்ப்பரப்பு' என்று எழுதினேன். இருவருக்கும் பிடித்துப்போனது. வெளிநாட்டு அனுபவம் வீண்போகவில்லை.

இரண்டாவது தகராறு பெரியது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த ஐந்தாவது விதி, அந்தக் கடலிலிருந்து கொண்டுவந்த விதி: வெள்ளை நீரை முதலில் பார்ப்பவர் ஷட்டரை இறக்கலாம், பிறகு மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும்.

தலைவர் கையை ஆட்டினார். "பேடா சார். அது மட்டும் பேடா."

"ஏன் வேண்டாம்?"

"முதல்ல பாக்குறவன்னா யாரு? ஆடு மேய்க்கிறவனும் பாப்பான், குடிச்சிட்டு போறவனும் பாப்பான். எவனாவது ஷட்டர எறக்கிட்டு போயிட்டா எங்க ஏரிக்கு நீரு எங்கே? அந்தக் காலத்துல ஒரு தடவ மைன்ஸ்காரங்க எறக்கினாங்க. மறந்துட்டாங்க. மழெ பூரா குழிலே போச்சு. எங்க ராகி ஒணங்கிப் போச்சு. கேளுங்க ஃபோர்மேன."

ஃபோர்மேன் மறுக்கவில்லை. "அது எனக்கு முன்னால இருந்தவரு" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப இன்னா செய்யலாம்னு சொல்றீங்க?" என்று கதவோரத்திலிருந்து கேள்வி வந்தது.

அப்போதுதான் ஃபோர்மேன் அந்த யோசனையைச் சொன்னார். சுரங்கத்திலும் எங்கள் தொழிற்சாலையிலும் உள்ள ஒரு பழக்கம் இது. ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்க உள்ளே போகும் ஒவ்வொருவரும் அதன் மின் ஸ்விட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போவார். நான்கு பேர் போனால் நான்கு பூட்டு. அதற்கென்றே பல துளைகள் உள்ள இரும்புக் கொண்டி ஒன்று உண்டு. வெளியே வந்தவர் தன் பூட்டை மட்டும் எடுப்பார். கடைசிப் பூட்டு எடுக்கப்படும்வரை அந்த ஸ்விட்சைத் தொட யாருக்கும் அதிகாரம் கிடையாது, மேனேஜருக்கும் கிடையாது. பூட்டு தொங்குகிறது என்றால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

"ஷட்டர் தூக்குன படியே இருக்கட்டும். வீல்ல நம்ம கொண்டிய மாட்டி மூணு பேரும் ஆளுக்கு ஒரு பூட்டு போடுவோம். மூணு பேரும் சேந்து வந்தாத்தான் சுத்த முடியும். யாரும் யாரையும் ஏமாத்த முடியாது. சரியா தலைவரே?"

தலைவர் முகம் மலர்ந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் கொண்டியைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஐந்தாவது விதி அடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மூன்று பூட்டு வந்தது. தேநீர் குடித்தோம். சுரங்கக்காரர்கள் இல்லாத ஊரில் இந்த யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் இவ்வளவு சுலபத்தில் நிறைவேறியிருக்காது. ஆளைக் காப்பாற்ற, எதையும் அசையாமல் நிறுத்திவைக்கும் பூட்டு அது. எங்களுக்கு வேண்டியிருந்ததோ அவசரத்தில் அசையக்கூடிய ஒரு பலகை. அந்த வித்தியாசம் அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் உறைக்கவில்லை, ஒருவரைத் தவிர.

வெளியே வரும்போது மீன்காரம்மா கேட்டார். "சார், மழை வர்ற அன்னிக்கு மூணு பேர்ல ஒருத்தரு ஊர்ல இல்லன்னா?"

"வந்துவிடுவார்கள்" என்றேன். கூட்டம் வெற்றிகரமாக முடிந்த மகிழ்ச்சியில் இருப்பவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

பூட்டு போடும் சடங்கு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அவரவர் வீட்டிலிருந்து அவரவர் பூட்டு. ஃபோர்மேன் தன் பழைய பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்தார். நான் என் சைக்கிள் ஷெட் பூட்டைக் கொண்டுபோனேன். தலைவருடையது உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. சாவியை அவர் அரைஞாணில் கோத்துக்கொண்டார். கற்பூரம் கொளுத்தவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கோடையில், மீன் இன்னும் ஒரு மாதம் வளரட்டும் என்று அந்த அம்மாள் வலை போடாமல் காத்திருந்த சமயம், ஒரு பகலில் மழை வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். வானம் சட்டென்று இருண்டு, காற்றோடு அடித்தது. சயனைட் மேட்டின் காவலாளி காலனி கேட்டுக்கு ஃபோன் செய்தார். கேட்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். உடன்பாட்டின் அறிவிப்புப் பகுதி மிகச் சிறப்பாக வேலை செய்தது. குடையையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். மீன்காரம்மா எனக்கு முன்பே ஷட்டர் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். ஃபோர்மேன் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தன் பூட்டைத் திறந்தார். நான் என்னுடையதைத் திறந்தேன்.

மூன்றாவது பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்வந்தவர்கள் சொன்னது: தலைவர் ஒரு நிலத்தகராறு வாய்தாவுக்காகக் காலையிலேயே கோலாருக்குப் போய்விட்டார். அரைஞாணோடு.

கால்வாயில் அதுவரை செம்மண் நீர் வந்துகொண்டிருந்தது. எங்கள் கண்முன்னால் அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடி வந்து, அகலமாகி, ஏரியின் பக்கம் இறங்கியது.

"அண்ணா, அறுங்க" என்றார் மீன்காரம்மா.

ஃபோர்மேன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தார். பூட்டின் பக்கத்தில் போனார். நின்றுவிட்டார்.

"இன்னாண்ணா?"

"இன்னொருத்தன் பூட்டும்மா இது."

"தெரியும். அறுங்க."

"முப்பது வருஷத்துல ஒரு தபா கூட இன்னொருத்தன் பூட்டுல கை வெச்சதில்ல. ஒருத்தன் வெச்சான். ஆளு வூட்டுக்கு போயிட்டான்னு நெனச்சி பூட்ட எடுத்துட்டு ஸ்விட்ச போட்டான்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"அண்ணா, இந்தப் பூட்டுக்கு உள்ள யாரு கீறாங்க? அந்த மனுஷன் கோலார் பஸ்ல கீறாரு. உள்ள கீறது என் மீனுதான். என் கையில குடுங்க, நான் அறுக்கறேன்."

அவர் கொடுக்கவில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது: நியாயம் பேசி இவரை அசைக்க முடியாது, விதி வேண்டும். விதிக்குக் கட்டுப்பட்டு நிற்கிற ஆளை இன்னொரு விதிதான் நகர்த்தும். என் வாழ்க்கையில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

"ஃபோர்மேன், பூட்டுக்காரர் ஆஜரில்லை என்றால் அதற்கு ஒரு விதி இருக்கிறதே. எங்கள் தொழிற்சாலையில் உண்டு. உங்கள் மைன்ஸில் இல்லையா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கீது சார். உள்ள ஆளு இல்லன்னு கண்ணால பாக்கணும். பேரு சொல்லி மூணு தபா கூப்புடணும். பதிலு வரலன்னா, பொறுப்புல கீறவரு உத்தரவு குடுக்கணும்."

"நான் செயலாளர். உத்தரவு கொடுக்கிறேன். எழுதியும் தருகிறேன். முதலில் கூப்பிடுங்கள்."

அந்த மனிதர் மழையில் கால்வாய் விளிம்பில் குனிந்து, ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு, சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டிலிருந்து இறங்கி நிலத்தடிப் பாதைக்குள் நின்று கூப்பிடுகிற அதே குரலில், தலைவரின் பெயரைச் சொல்லிக் கத்தினார். "தலைவரேய்! உள்ள கீறீங்களா?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது முறை கத்தினார்.

மீன்காரம்மாவுக்கு முதலில் என்ன நடக்கிறதென்று புரியவில்லை. புரிந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார். "தலைவரே! கீறீங்களா, இல்லியா? சீக்கிரம் சொல்லுங்க, மீனு சாவுது!"

மூன்றாவது முறையும் பதில் இல்லை. கிராமத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் கோணிப்பை போர்த்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்கள். ஃபோர்மேன் நிமிர்ந்தார். பூட்டை அறுத்தார். சக்கரத்தை அவரும் அந்த அம்மாளும் சேர்ந்து சுற்ற, பலகை இறங்கியது; வெள்ளை நீர் கல்குழிக்குத் திரும்பியது.

ஆனால் அதற்குள் கொஞ்சம் ஏரிக்குள் போய்விட்டது. மறுநாள் காலை கால்வாய் நுழையும் பக்கத்தில் மீன்கள் மிதந்தன. ஏரிக்கரைக் கட்டை ஒட்டிய ஆழமான பக்கத்தில் இருந்தவை பிழைத்தன. எவ்வளவு பிழைத்தது என்று வலை போட்டால்தான் தெரியும். வலை போடக் குத்தகை இருக்கவேண்டும். அதுதான் இப்போது சந்தேகத்தில் இருந்தது.

ஏனென்றால் தலைவர் மழை பெய்த அன்று மாலையே கோலாரிலிருந்து திரும்பிவிட்டார். வாய்தா தள்ளிப்போன எரிச்சல் ஒரு பக்கம். அறுபட்ட பூட்டு ஒரு பக்கம். தன் பெயரைச் சொல்லிக் கால்வாயில் கத்தினார்கள் என்று ஊரே சிரித்தது இன்னொரு பக்கம். அந்த வாரமே பஞ்சாயத்தைக் கூட்டினார். குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பஞ்சாயத்து உடைமையைச் சேதப்படுத்தினால் குத்தகை ரத்து. பங்காருபேட்டை காண்ட்ராக்டர் தற்செயலாக அன்று அந்தப் பக்கம் வந்திருந்தார். தற்செயல்களுக்கும் நடைமுறை உண்டு.

"உயிரோட இருக்கிற என்னை மூணு தடவ கூப்பிட்டீங்களாமே" என்று ஃபோர்மேனைப் பார்த்துக் கேட்டார் தலைவர். "கருமாதியும் பண்ணிட்டீங்களா?"

"நீங்க உள்ள இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் தலைவரே."

"நான் எதுக்கய்யா ஷட்டருக்குள்ள இருப்பேன்?"

"பூட்டு உங்களுது இல்லியா?" என்றார் ஃபோர்மேன். அவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

தலைவர் மீன்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "உடைமைச் சேதம். உங்க மீனுக்காகத்தானே அறுத்தாங்க? கண்டிஷன் இருக்குதம்மா. என்னால ஒண்ணும் பண்ண ஆகாது."

அந்த அம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். காலனிக்காரனுக்குப் பஞ்சாயத்தில் பேச உரிமை இல்லை. இருந்தும் எழுந்தேன்.

"தலைவரே, ஒரு விளக்கம் மட்டும். சேதமானது பஞ்சாயத்துப் பூட்டா?"

"பின்னே?"

"பஞ்சாயத்து வாங்கியதா?"

அவருக்குப் பெருமை முந்திக்கொண்டது. "பஞ்சாயத்து எங்கே சார் இந்த மாதிரி பூட்டு வாங்கும்? நம்ம மனேப் பூட்டு, வீட்டுது. ராகிக் கொட்டடிப் பூட்டு. எங்க அப்பா காலத்துது."

"அப்படியானால் சேதமானது உங்கள் சொந்த உடைமை. பஞ்சாயத்து உடைமை அல்ல. அந்த நிபந்தனை இதற்குப் பொருந்தாது. உங்களுக்கும் அந்த அம்மாளுக்கும் இடையிலுள்ள விவகாரம் இது."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கடல்ல இதத்தான் பண்ணுனீங்களா சார்?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் இதுதான்."

அவர் உடனே விட்டுவிடவில்லை. "சரி, பூட்டு போகட்டும். நீரு? முதல் மழெ நீரெல்லாம் குழிக்கு விட்டாச்சே. வெவசாயம் பண்ற ரைத்தர்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அன்று மழையில் கோணிப்பை போர்த்துக்கொண்டு பார்த்தவர்களில் ஒருவர், ஒரு விவசாயி, பெஞ்சிலிருந்து எழுந்தார். குழியில் தண்ணீர் வடிந்தபிறகு அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருக்கிறது என்றார். தன் எருமை அந்தப் பக்கம் போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது என்றார். "அது ஏரிக்குள்ள வந்திருந்தா, ஏரிலேர்ந்து என் நெலத்துக்குத்தானே வரும்?" பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். குழாயினால் வந்த ஒற்றுமை என்று முன்பு சொன்னேன். இங்கே அது எருமையினால் வந்தது. குத்தகை தொடரும் என்று முடிவானது. காண்ட்ராக்டர் தேநீர் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இதுதான் சமயம் என்று நான் ஐந்தாவது விதியை மறுபடி எடுத்தேன். முதலில் பார்ப்பவர் இறக்கலாம்.

"பேடா சார்" என்றார் தலைவர். ஃபோர்மேனும் தலையை ஆட்டினார். பூட்டு இல்லாத சக்கரத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. விதி இரண்டாவது முறையும் அடிபட்டது.

அடுத்த கூட்டத்துக்கு மீன்காரம்மா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய புதுப் பூட்டு. அறுத்ததைவிடக் கொஞ்சம் பெரியது. தலைவர் முன் மேஜையில் வைத்தார்.

"உங்க அப்பா பூட்டு மாதிரி வராது தலைவரே. கோச்சுக்காதீங்க."

தலைவர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். "ஒரே சாவி இருக்கு?"

"ரெண்டு குடுத்தான் தலைவரே. இன்னொண்ணு என் கிட்ட கீது."

கதவோரத்தில் இல்லை, அன்று அந்த அம்மாள் நகரசபையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

ஃபோர்மேன் கொஞ்சநேரம் கழித்துத் தன் சட்டைப்பையைத் துழாவினார். "பித்தளைப் பூட்டுக்கும் ரெண்டு சாவி கீதும்மா" என்றார். "பூட்டு எங்களுதுதான். சாவி மட்டும் வெச்சுக்க." நான் வீட்டுக்குப் போய்ச் சைக்கிள் ஷெட் பூட்டின் மாற்றுச் சாவியைத் தேடினேன். அது எங்கே இருக்கிறதென்று என் மனைவிக்குத்தான் தெரிந்திருந்தது.

கூட்டக் குறிப்பில் இதையெல்லாம் நான் எழுதவில்லை. மூன்று பூட்டு, மூன்று தரப்பு, மூவரும் சேர்ந்தால் மட்டுமே இறக்கலாம் என்ற விதி அப்படியே இருந்தது. உடன்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

சில வாரம் கழித்து இன்னொரு மழை, முந்தையதைவிடப் பலமாக, பிற்பகலில் பிடித்தது. கேட்டிலிருந்து ஆள் வந்தான். குடையோடு கிளம்பினேன். வழியில் ஃபோர்மேனின் ஸ்கூட்டர். பின்னால் தலைவர் தொற்றிக்கொண்டிருந்தார். மூவரும் நடைமுறைப்படி ஷட்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். பலகை இறங்கியிருந்தது. மூன்று பூட்டும் வரிசையாகத் தரையில் ஒரு கல்லின்மேல் வைக்கப்பட்டிருந்தன. மீன்காரம்மா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சக்கரத்தில் ஒரு கையை வைத்தபடி, குழிக்குள் இறங்கும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார், வாங்க தலைவரே. இன்னாத்துக்கு மூணு பேரும் நனைஞ்சிகினு வந்தீங்க?" என்றார். "இன்னும் கொஞ்சம் தெளியட்டும். தூக்கறப்ப ஒரு கை புடிங்க. வீலு ஒருத்தி சுத்தறதுக்கு ரொம்ப கனமா கீது."

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தின் மறுபக்கம் போய் நின்றார்.